தீராத மிரின் போத்தல்

ஸலீம் ஹாஜியாருக்கு வயிற்றில் புண். கொச்சிக்காய் கூடாது, மிளகு கூடாது, புளி கூடாது, பொரியலைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். கேட்டு நடக்க வேண்டியவர் பண்டாரவளை பஜாரில் நாற்பது வருடமாகப் புடவைக் கடை நடத்துகிறவர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், அடுத்தவர் பேச்சைக் கேட்டே பழக்கமில்லாத மனிதர். காரமில்லாத கறியைக் கண்டதும் பீங்கான் தட்டைத் தள்ளி வைத்தார். "இது ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றார். எழும்பி, வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கடைக்கு நடந்தார். இரண்டு மாதம் இப்படியே போனதில் சேர்ட் கொலருக்குள் கழுத்து தனியாக ஆடத் தொடங்கியது.

அவருடைய மனைவி ஸுபைரா முப்பத்தைந்து வருடமாக அந்தக் குசினியின் ராணி. அவளுடைய இறைச்சிக் கறி கொதித்தால் மேல் வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். ஆனால் காரத்துக்கு அள்ளிப் போடுகிற கொச்சிக்காயை எடுத்துவிட்டுச் சமை என்றால் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருமகள் றின்ஸாவோ பதுளையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. வெங்காயம் நறுக்கவும் தேங்காய் துருவவும் மட்டும்தான் அதுவரை அவளுக்கு அந்தக் குசினியில் உத்தரவு. மாமி திட்டுகிறவள் இல்லை. பேசவும் மாட்டாள். திட்டினாலாவது மனதில் இருப்பது தெரியும். பேசாத மாமியோடு ஒரே அடுப்படியில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வீட்டுக்குள் ஜப்பானைக் கூட்டிவந்தவள் ஜீவராணி. பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளை. பதுளையில் தையல் வகுப்பில் றின்ஸாவின் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள். இப்போது ஜப்பானுக்குப் போய் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காகப் பண்டாரவளையில் மொழி வகுப்புக்கு வருகிறாள். வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நேரமிருந்தால் றின்ஸாவிடம் வந்து ஒரு கோப்பை பிளேன்டீ குடிப்பாள்.

"வயசானவங்களுக்கு நாங்கதான் ஆக்கிக் குடுக்கணுமாம்டி" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். "மொளகாயே கெடையாதாம். எண்ணெயும் கொஞ்சம்தானாம். மெத்துனு இருக்கணுமாம். அதத்தான் அவங்க ருசிச்சு ருசிச்சுத் திங்கிறாங்களாம். எப்பிடித்தான் எறங்குதோ!"

றின்ஸா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். மிளகாயே இல்லாமல் ருசித்துத் தின்கிற ஒரு நாடே இருக்கிறதென்றால், இந்த வீட்டில் ஒரு மனிதரைத் தின்னவைக்க முடியாதா என்ன?

அன்றிலிருந்து அவள் போனில் ஜப்பானியப் பெண்கள் சமைக்கிற வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினாள். பாஷை புரியாவிட்டாலும் கை செய்வது புரியும்தானே. பார்க்கப் பார்க்க, இதொன்றும் வானத்திலிருந்து குதித்த சமையல் இல்லை என்று தெரிந்தது. அவர்கள் ஒரு காய்ந்த மீனைச் சீவி, கொதிநீரில் போட்டு, அந்தத் தண்ணீரில் எல்லாவற்றையும் வேகவைக்கிறார்கள். நம்முடைய மாசிக் கருவாட்டுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன். கோப்பையில் முட்டையை ஊற்றி ஆவியில் அவிக்கிறார்கள். இனிப்பைக் கழித்துவிட்டால் வட்டிலப்பம்தான். உருளைக்கிழங்கும் கரட்டும் இறைச்சியும் போட்ட ஆணம் ஒன்று இருந்தது, நிகுஜாகா என்று பெயர். வெலிமடைக் கிழங்கு வாசலில் வந்து இறங்குகிற ஊரில் அதற்கா பஞ்சம்? சோயா சோஸ் பக்கத்துக் கடையிலேயே ஹலால் முத்திரையோடு இருந்தது. ஒரே ஒரு சாமான்தான் இல்லை. எந்த வீடியோவைப் பார்த்தாலும் கடைசியில் ஒரு போத்தலைச் சாய்த்து, பொன்னிறமான ஏதோ ஒன்றை இரண்டு கரண்டி ஊற்றினார்கள். அதுதான் மிரின். அது இல்லாவிட்டால் அந்த மினுமினுப்பும் வராது, அந்த ருசியும் வராது என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள்.

றின்ஸா கொழும்பிலிருந்து ஒரு போத்தல் வரவழைத்தாள். அது வந்த அன்று அவள் உம்மாவைப் பார்க்கப் பதுளைக்குப் போயிருந்தாள். மாமிதான் வாங்கி வைத்தாள். அடுத்த நாள் திரும்பி வந்து பார்த்தால், போத்தலின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது.

"நாந்தான் தொறந்து மணந்து பாத்தன்" என்றாள் ஸுபைரா. அவ்வளவுதான்.

றின்ஸாவுக்குச் சுருக்கென்றது. நான் வாங்கியதை மோந்து பார்த்துத்தான் உள்ளே விட வேண்டுமா? போத்தலில் முழுக்க ஜப்பான் எழுத்து. அதன்மேல் இறக்குமதிக்காரர்கள் ஒட்டிய சின்ன ஆங்கிலத் துண்டில் 'இனிப்பான அரிசிச் சுவையூட்டி' என்றிருந்தது. அரிசியில் என்ன குற்றம் இருக்க முடியும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நிகுஜாகா சமைத்தாள். ஊற்றும்போது, கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கிற கித்துள் பாணியைப் போல ஒரு மணம் வந்தது. ஜப்பான் அரிசி அப்படித்தான் மணக்கும் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ஸலீம் ஹாஜியார் பீங்கானைத் தள்ளவில்லை. முதல் வாய் வைத்தார். புருவத்தைத் தூக்கினார். இரண்டாவது வாய்க்குப் பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை. கிழங்கைப் பிசைந்து, ஆணத்தை வழித்து, விரலை நக்கிவிட்டு, "என்ன மகள் இது?" என்று கேட்டார்.

"ஜப்பான் சாப்பாடு மாமா."

"ஜப்பான்காரனுக்கு மாசியும் தெரியுமா! நாளைக்கும் இதையே ஆக்கு."

அந்த வீட்டுக்கு நல்ல காலம் பிறந்தது அன்றுதான். ஒருநாள் கோழியும் முட்டையும் சேர்த்துச் சோற்றின் மேல் ஊற்றுகிற ஓயாகோதொன். ஒருநாள் முட்டையைச் சுருட்டிச் சுருட்டிச் சுட்ட தமாகோயாக்கி. கடைக்குக் கட்டிக்கொண்டு போக, பச்சரிசிச் சோற்றை முக்கோணமாகப் பிடித்து நடுவே மாசி வைத்த ஒனிகிரி. அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணீரோடு கடிக்க, இரண்டு சின்ன அப்பங்களுக்கிடையில் இனிப்புப் பயறு வைத்த தொராயாக்கி. "இண்டைக்கி என்ன ஜப்பான்?" என்று கேட்டுக்கொண்டேதான் ஹாஜியார் படியேறுவார். ஒரு மாதத்தில் கன்னம் நிறைந்தது, கொலரும் இறுகியது. "என்ட மருமகள் சாப்பாட்டிலதான் நான் எழும்பி வந்த" என்று பள்ளிவாசலில் சொல்லித் திரிவதாகப் புருஷன் றினாஸ் வந்து சொன்னபோது, றின்ஸாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமி வாய் திறந்து ஒன்றும் புகழவில்லை. ஆனால் அடுப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, அவளே இப்போது வெங்காயம் நறுக்கினாள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரே ஒரு ஆச்சரியம் மட்டும் இருந்தது. அந்த மிரின் போத்தல் தீரவேயில்லை. நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு கரண்டி என்று ஊற்றுகிறாள். குறைகிறது, குறைகிறது என்று பார்த்தால் அடுத்த நாள் கழுத்துக்குக் கீழே அப்படியே நிற்கிறது. "பரக்கத்தான போத்தல், ஊத்த ஊத்தக் கொறையுதில்ல" என்று றின்ஸா ஒருநாள் சொன்னாள். மாமி இருமினாள். அதே வாரம், ஹாஜியார் தயிருக்கு ஊற்றிக்கொள்ளப் பாணி இல்லையே, இப்போதுதானே வாங்கினோம் என்று கத்தினார். அதையும் றின்ஸா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஆண்கள் ஜும்ஆவுக்குப் போய்விட்டார்கள். மாமி அறைக்குள் ளுஹர் தொழுகைக்கு நின்றிருந்தாள். வகுப்பு முடிந்து வந்த ஜீவராணி அடுப்படியில் நின்று, ஓயாகோதொன் செய்வதைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை அவர்கள் வகுப்பில் எல்லாரும் ஒரு சாப்பாடு செய்து காட்ட வேண்டுமாம். மாசித் தண்ணீரில் வெங்காயமும் கோழியும் கொதித்தன. றின்ஸா இரண்டு கரண்டி மிரினை ஊற்றிவிட்டுப் போத்தலை மேசையில் வைத்தாள். பிரிட்ஜின் ஈரத்தில் ஊறிப்போயிருந்த ஆங்கிலத் துண்டு அவள் விரலோடு கழன்று வந்தது. கீழே இன்னும் கொஞ்சம் ஜப்பான் எழுத்து.

"இரு, நான் வாசிக்கிறேன்" என்று ஜீவராணி ஆசையாகப் போத்தலை இழுத்தாள். படித்ததைக் காட்டக் கிடைத்த சந்தர்ப்பம். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். பாதியில் குரல் இறங்கியது. மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"றின்ஸா, கோவிச்சுக்காத. இதுல அல்ககோல்னு போட்டிருக்கு. பதினாலுனு இருக்கு."

"சும்மா வெளையாடாத."

"சத்தியமாடி. இந்த எழுத்த நாங்க ரெண்டாவது பாடத்துலயே படிச்சிட்டோம். இந்தா, பதினாலு ஒனக்கே தெரியுதே. அரிசியில எறக்குன சாராயம் போலருக்கு."

றின்ஸாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு மாதம். நாளுக்கு இரண்டு வேளை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற மனிதர், இரண்டு முறை மக்காவுக்குப் போய்வந்த மனிதர், பிஸ்மில்லாஹ் சொல்லிச் சொல்லி வாயில் வைத்தது இது. இதைத் தின்றுவிட்டுத்தான் தொழுதார். இதைத்தான் ஊரெல்லாம் புகழ்ந்தார். ஊட்டியது நான். அடுப்பை அணைத்தாள். அணைத்த பிறகும் சட்டியில் அது கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

ஜீவராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கொண்டாந்து குடுத்ததுன்னு சொல்லிர்றேன். எங்க வகுப்புல குடுத்தாங்கன்னு. என்னைய நாலு வார்த்த ஏசிட்டுப் போகட்டும். ஒன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வேணாம். வாங்கினது நான். ஊத்தினதும் நான்." றின்ஸா கையை விடுவித்துக்கொண்டாள். "நீ போ. பஸ்ஸ விட்டுடுவாய்."

ஜீவராணி போக மனமில்லாமல் போனாள். றின்ஸா போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு மாமியின் அறை வாசலில் நின்றாள். உள்ளே மாமி தொழுகிறாள். தொழுகிறவளைக் கூப்பிட முடியாது. ஆறுதலாகக் குனிந்தாள், நிமிர்ந்தாள், ஸுஜூது செய்தாள், உட்கார்ந்தாள். பிறகு ஸலாம் கொடுத்துவிட்டுத் துஆக் கேட்கக் கையை ஏந்தினாள். அந்தத் துஆ முடிவதாக இல்லை. வாசலில் நின்றவளோ ஒன்றரை வருடத்தையும் ஒருமுறை நினைத்து முடித்துவிட்டாள். இனி இந்தக் குசினிக்குள் யார் விடுவார்கள்? அதைவிடு, இனி இந்த மனிதர் என் கையால் ஒரு மிடறு தண்ணீராவது வாங்கிக் குடிப்பாரா?

ஸுபைரா முஸல்லா விரிப்பை மடித்துக்கொண்டு திரும்பினாள். "ஏன் புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

"மாமி, நான் பெரிய பாவம் செஞ்சிட்டன். இந்தப் போத்தல்ல மது இரிக்கி. ஜீவராணி வாசிச்சிச் சொன்னா. அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது மாமி. மாமாக்கு, உங்களுக்கு, எல்லாருக்கும் ஒரு மாசமா இதத்தான் ஊத்தி ஊத்தி..." அழுகை முந்திக்கொண்டது. விறுவிறுவென்று குசினிக்குள் போனாள். இன்னும் ஒரு நிமிடம்கூட அது இந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது. மூடியைத் திருகி எறிந்துவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போத்தலைக் கவிழ்க்கப் போனாள்.

"ஊத்தாத! ஊத்தாத புள்ள! நல்ல கித்துள் பாணி அது!"

மாமி அவ்வளவு சத்தமாகப் பேசி றின்ஸா கேட்டதே இல்லை. போத்தல் பாதிச் சரிவில் நின்றது. ஸுபைரா ஓடிவந்து அதைப் பறித்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினாள்.

"இந்தா, நக்கிப் பாரு."

றின்ஸா பின்வாங்கினாள். மாமி விடவில்லை. தன் விரலைத் தொட்டு மருமகளின் நாக்கில் வைத்தாள். பாணி. தண்ணீரும் துளி உப்பும் சேர்ந்த, சாதாரண, கித்துள் பாணி.

"என்ட வாப்பாட கடை கொஸ்லந்தயில எங்க இருந்திச்சி தெரியுமா?" என்றாள் ஸுபைரா, மூச்சு வாங்கியபடி. "கள்ளுத் தவறணைக்குப் பக்கத்துச் சுவர். பொழுது பட்டா அந்த மணம்தான். எழுத்துப் படிக்க முந்தி எனக்கு அந்த மணம் தெரியும். உன்ட போத்தல் வந்த அண்டைக்கே மூடியத் தொறந்தன், அதே மணம். கொண்டுபோய் வாழையடியில ஊத்திட்டு, மூணு தரம் கழுவினாப் போதும், நான் ஏழு தரம் கழுவினன். பொறகுதான் நான் பாணிய இளக்கி ஊத்தி வச்ச. கொறையக் கொறைய நானே ஊத்தி ஊத்தி வச்சன். நீ பரக்கத்து எண்டு சொன்ன நேரம் எனக்குச் சிரிப்ப அடக்க ஏலாமப் போச்சி."

"அப்ப... மாமா சாப்பிட்டது?"

"ஒரு சொட்டும் அவர்ட வயித்துக்குப் போகல்ல. உன்ட வயித்துக்கும் போகல்ல, என்ட வயித்துக்கும் போகல்ல."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது றின்ஸாவுக்கு. அப்படியே தொட்டியடியில் குந்திவிட்டாள். அழுதாள். பாதி அழுகையில் சிரிப்பு வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகச் சொன்னது.

"ஏன் மாமி எனக்குச் சொல்லல்ல?"

ஸுபைரா மூடியைத் தேடி எடுத்து, கழுவி, போத்தலை மூடினாள். அதற்குள் பதிலை யோசித்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"சொன்னா நீ வெக்கப்பட்டு அடுப்பையே விட்டுடுவாய். அவர் சாப்பிடாமக் கெடப்பார். ரெண்டு மாசம் அவர் மெலிஞ்சி போறத நான் பாத்துட்டு இருந்த தெரியுமா? எனக்கு ஒண்டும் செய்யத் தெரியல்ல. உனக்குத் தெரிஞ்சிச்சி." போத்தலைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத் திரும்பினாள். "பொறகு, அவர் ஜப்பான் ருசி, ஜப்பான் ருசி எண்டு சொல்லச் சொல்ல எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்தான்."

மேசையில் போன் அடித்தது. ஜீவராணி. பஸ்ஸில் ஏறாமல் ஸ்டாண்டிலேயே நின்றிருக்கிறாள். "என்னாடி ஆச்சு? நான் திரும்பி வரவா?" என்றாள். நடந்ததை றின்ஸா சொல்லி முடித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து, "அடிப்பாவி, நான் இங்க நின்னுக்கிட்டு மாரியாத்தாளுக்குத் தேங்காய் ஒடைக்கிறதா நேந்துட்டேன்" என்று ஒரு சிரிப்பு. "அப்ப நானும் வகுப்புல பாணிதான் ஊத்தப் போறேன்."

மாமியே அடுப்பை மூட்டினாள். றின்ஸா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முட்டையை அடித்து ஊற்றினாள். "அவருக்கு ஒண்டும் சொல்ல வேணாம்" என்று ஸுபைரா மெதுவாகச் சொன்னாள். "அவர்ட கோவம் உனக்குத் தெரியும்." றின்ஸா தலையாட்டினாள்.

ஜும்ஆ முடிந்து ஹாஜியார் அத்தர் மணக்க வந்து உட்கார்ந்தார். றினாஸ் பள்ளிவாசலில் யாரோடோ பேச நின்றுவிட்டானாம். சோற்றின் மேல் கோழியும் முட்டையும் பளபளத்தன. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அவர், "இந்த ருசி எதுல வருது மகள்? நம்மட முன்ஸிப் ஹாஜியாருக்கும் வயித்து வருத்தமாம். அவர்ட வீட்டுக்கும் சொல்லணும்" என்றார்.

றின்ஸா மாமியைப் பார்த்தாள். மாமி கண்ணைக் காட்டினாள். ஆனால் றின்ஸா இப்போதுதான் ஒரு பாரத்தை இறக்கி வைத்திருக்கிறாள். இன்னொன்றைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். போத்தல் வாங்கியது, அரிசி என்று நம்பியது, ஜீவராணி வாசித்தது, மாமி வாழையடியில் ஊற்றியது, ஒன்றையும் விடவில்லை.

ஹாஜியாரின் கை பீங்கானில் நின்றது. ஸுபைரா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். வெளியில் ஒரு முச்சக்கரவண்டி மேட்டில் ஏற முடியாமல் உறுமியது. அது ஏறிப் போனதும் அவர் தலையை நிமிர்த்தினார்.

"எப்ப மாத்தின?" என்று மனைவியைக் கேட்டார்.

"வந்த அண்டைக்கே."

"என்ட பீங்கானுக்கு ஒருநாளாவது அது வந்ததா?"

"ஒரு சொட்டும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நீளமாக மூச்சு விட்டார். மருமகளின் பக்கம் திரும்பி, "தெரியாமச் செஞ்சத நெனச்சி அழுதியா? கண்ணெல்லாம் வீங்கிப் போயிரிக்கி. இனிமே எதையும் வாங்கினா முதல்ல இவக்கிட்ட மணக்கக் குடு" என்றார். பிறகு ஸுபைராவையே பார்த்தார். கோபம் அப்போதுதான் வந்தது, ஆனால் வேறு பக்கத்திலிருந்து.

"அப்ப நான் ஒரு மாசமா ஊரெல்லாம் பொகழ்ந்தது உன்ட பாணியவா? மாசியும் பாணியும் போட்டு இப்பிடி ஆக்க ஏலுமெண்டா, முப்பத்தஞ்சி வருஷமா நீ ஏன் எனக்கு ஆக்கித் தரல்ல?"

"முப்பத்தஞ்சி வருஷமா நீங்க கொச்சிக்காதானே கேட்டீங்க" என்றாள் ஸுபைரா.

அடுத்தவர் பேச்சைக் கேட்டே பழக்கமில்லாத மனிதர், இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு பீங்கானைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டார்.

"ரெண்டு பேரும் குந்துங்க" என்றார். "ஆறப்போகுது."